பழைய காரில் கியர் சுலபமாக விழ எந்த ஆயில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரிஸ் மைனர், மினி, எம்.ஜி.பி, சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற 1950, 60, 70களின் கார்களை வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. கையால் மாற்றும் கியர்பாக்ஸ் மட்டுமே இங்கே பேச்சு.

ஆயிலை மாற்றினாலே கியர் நன்றாக விழுமா?

மூன்று நிலைமைகளில் விழும். பெட்டிக்குப் பொருந்தாத ஆயிலை யாரோ முன்பு ஊற்றியிருந்தால், ஆயில் மட்டம் குறைந்திருந்தால், பல வருடம் மாற்றாமல் தண்ணீரும் துகளும் கலந்து கெட்டிருந்தால். பழைய கார்களில் முதல் காரணம்தான் மிக அதிகம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஏதோ ஒரு "கியர் ஆயில் 90"தான் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது.

கியர் மாறும்போது வேகங்களை ஒன்றாக்கும் சிங்க்ரோ ரிங் தேய்ந்துபோன பெட்டியிலும் சரியான ஆயில் ஓரளவு உதவும். ஆனால் இரண்டாவது கியர் எப்போதும் கத்துகிற பெட்டி, ஆயில் மாற்றியதும் புதுசாகிவிடாது.

கோளாறு ஆயிலிலா, வேறு எங்காவதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

டப்பா வாங்குவதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். செலவு எதுவும் இல்லை.

வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்து ஐந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கர்ரென்று கத்தினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். ஹெரால்ட் போன்ற ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியில் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களையும் காற்று புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாரிஸ் மைனரில் கிளட்ச் இரும்புத் தண்டுகள் வழியாக இயங்குவது. அங்கே தண்டுகளின் தேய்மானமும் பெடல் ஃப்ரீ ப்ளேயும்தான் முதல் சந்தேகம். கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும், கிராங்க் முனையில் உள்ள ஸ்பிகாட் புஷ் இறுகிப் பிடித்தாலும் இதே அறிகுறிதான். இவற்றில் எதையும் ஆயில் சரிசெய்யாது.

அடுத்து, ஓடும் வண்டியில் டபுள் கிளட்ச் போட்டு (நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு, மீண்டும் மிதித்து) கியர் மாற்றிப் பாருங்கள். சாதாரணமாக மாற்றும்போது கத்தி, டபுள் கிளட்ச்சில் சத்தமில்லாமல் விழுந்தால் கோளாறு சிங்க்ரோவில் இருக்கிறது. ஆயில் மாற்றிப் பார்க்கத் தகுந்த நிலைமை இதுதான்.

காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் கியர் கனமாக இருந்து பிறகு சரியானால் ஆயில் தடிமன் அதிகம். மாறாக, குளிர்ந்திருக்கும்போது நன்றாக விழுந்து, சூடேறியதும் கத்தினால் ஆயில் மெலிந்துவிட்டது, அல்லது ரிங் தேய்ந்துவிட்டது. கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் டிடென்ட் ஸ்ப்ரிங், செலக்டர் ஃபோர்க், பேரிங், கியர்பாக்ஸ் மவுண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டில் கியர் லீவர் உள்ள வண்டியில் எந்தக் கியர் எங்கே என்றே தெரியாமல் லீவர் தளர்ந்து ஆடினால், லிங்கேஜ் புஷ்கள் போய்விட்டன.

இன்னொன்று: மைனரிலும் ஹெரால்டிலும் முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. 1968 வரை வந்த மினியிலும் 1967 வரை வந்த எம்.ஜி.பி-யிலும் அப்படித்தான். ஓடும்போது முதல் கியர் கத்துவது அந்தப் பெட்டிகளின் இயல்பு. அதற்கு மருந்து டபுள் கிளட்ச்.

ஆயில் வழுக்கினால்தானே கியர் சுலபமாக விழ வேண்டும்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. சிங்க்ரோ ரிங் என்பது கூம்பு வடிவில் உள்ள ஒரு சின்ன பிரேக். பித்தளை அல்லது வெண்கல ரிங், கியரின் எஃகுக் கூம்பின் மேல் அழுந்தி உரசி, இரண்டின் சுழற்சி வேகத்தையும் ஒன்றாக்குகிறது. வேகம் ஒன்றானதும், கியரைப் பூட்டும் வளையமான ஸ்லீவ் உள்ளே நுழைகிறது. ரிங்கின் உள்பக்கம் மெல்லிய மரைகள் வெட்டியிருப்பதன் வேலையே இடையில் உள்ள ஆயில் படலத்தை வெட்டி வெளியேற்றுவதுதான்.

ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் ரிங் பிடிக்காமல் சறுக்கும். வேகம் ஒன்றாவதற்குள் ஸ்லீவ் பற்களில் இடித்துக் கத்தும். ஆயில் அளவுக்கு மீறித் தடித்திருந்தால் படலம் விலக நேரமாகும். லீவரை அழுத்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். அளவுக்கு மீறி மெலிந்திருந்தால், ரிங் தேயாதவரை கியர் நன்றாகவே விழும், ஆனால் பற்களும் பேரிங்குகளும் சத்தம் போடத் தொடங்கும், சீல் வழியாகக் கசியும். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் தேர்வு.

ஜி.எல்-4, ஜி.எல்-5 என்ன வித்தியாசம்? எண் கூடினால் தரம் கூடியது இல்லையா?

இல்லை. இவை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ வகுத்த இரண்டு வெவ்வேறு வேலைகள். இரண்டிலும் உலோகம் உலோகத்தைத் தின்னாமல் காக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் உண்டு. ஜி.எல்-5 பின் ஆக்ஸிலில் உள்ள ஹைபாய்ட் வகைப் பல்சக்கரங்களான கிரவுன்-பினியனுக்காக வந்தது. அங்கே பற்கள் பெரும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. அதனால் ஜி.எல்-4-இல் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு சேர்மானம் அதில் இருக்கும்.

கியர்பாக்ஸுக்கு அதனால் இரண்டு கெடுதல்கள். ஒன்று, சூட்டில் அந்தக் கந்தகம் செம்பு கலந்த உலோகங்களை அரிக்கக்கூடும். சிங்க்ரோ ரிங், புஷ், த்ரஸ்ட் வாஷர் எல்லாமே அந்த உலோகம்தான். இரண்டாவது, ரிங்குக்குத் தேவையான உரசல் குறைகிறது. இப்போதைய நல்ல ஜி.எல்-5 ஆயில்களில் அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்க்கிறார்கள், எனவே முதல் கெடுதல் முன்பு போல் பெரிதில்லை. இரண்டாவது அப்படியே இருக்கிறது. கியர் விழாத பிரச்சினைக்குத் தீர்வு தேடுகிறவர் ஜி.எல்-5 பக்கம் போகவே வேண்டாம்.

வாங்கும் ஆயிலின் தொழில்நுட்பத் தாளில் "செம்புப் பட்டை அரிப்புச் சோதனை" என்ற வரி இருக்கும். முடிவு 1ஏ அல்லது 1பி என்றால் பித்தளைக்குப் பயமில்லை.

கையேட்டில் "ஹைபாய்ட் 90" என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஜி.எல்-5 தானே?

ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. வண்டி வந்த காலத்தைப் பாருங்கள். 1950களில் ஹைபாய்ட் ஆயிலுக்கு அளவுகோலாக இருந்தது அமெரிக்க ராணுவத்தின் மில்-எல்-2105. அதன் வீரியம் இன்றைய ஜி.எல்-4 அளவுக்கு ஒப்பானது. ஜி.எல்-5-க்கு ஒப்பான மில்-எல்-2105பி வந்தது 1962-இல். ஆகவே அந்தக் கால கியர்பாக்ஸ் பக்கத்தில் "ஹைபாய்ட் 90", "இ.பி 90" (இ.பி என்றால் மிகை அழுத்தம் தாங்குவது) என்று இருந்தால் இன்றைக்கு வாங்க வேண்டியது ஜி.எல்-4, 80டபிள்யூ-90.

டப்பாவில் "ஜி.எல்-4 / ஜி.எல்-5" என்று இரண்டும் போட்டிருந்தால்?

அதை ஜி.எல்-5 ஆகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டமும் வேண்டுமானால் சேர்மானம் பெரிய அளவில்தான் இருந்தாக வேண்டும். "ஜி.எல்-4" மட்டும் எழுதிய டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். லாரி, டிராக்டர் உதிரிபாகக் கடைகளில் அது பெரும்பாலும் கிடைக்கும்; பளபளப்பான கார் கடைகளில்தான் தேட வேண்டியிருக்கும்.

மைனர் கையேடு கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயில் ஊற்றச் சொல்கிறது. அது மிகவும் மெலிந்தது அல்லவா?

எண்ணைப் பார்த்து ஏமாறும் இடம் இது. எஞ்சின் ஆயிலின் தடிமனுக்கு ஓர் எஸ்.ஏ.இ அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறோர் அளவுகோல். 100 டிகிரி செல்சியஸில் கியர் ஆயில் 90-இன் தடிமன் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (தடிமனை அளக்கும் அலகு) வரை. எஞ்சின் ஆயில் 50-க்கு 16.3 முதல் 21.9 வரை. அதாவது 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயிலும் 80டபிள்யூ-90 கியர் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். எஸ்.ஏ.இ 30 எஞ்சின் ஆயில் 9.3 முதல் 12.5 வரை, அது கியர் அளவுகோலில் 80, 85 பக்கம் வரும்.

முன்னால் உள்ள "டபிள்யூ" எண் குளிர்கால எண். கியர் ஆயிலில் 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ மைனஸ் 26-இலும், 85டபிள்யூ மைனஸ் 12-இலும் சோதிக்கப்படுகின்றன. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓடும் வண்டிக்கு இந்த எண்ணை வைத்துத் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊட்டி, நுவரெலியா காலைக் குளிருக்கும் 80டபிள்யூ தாராளமாகப் போதும்.

எந்த வண்டிக்கு எது, எவ்வளவு?

மாரிஸ் மைனர்: மினரல் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில், சுமார் 1.3 லிட்டர் (இரண்டேகால் இம்பீரியல் பைண்ட்). 80டபிள்யூ-90 ஜி.எல்-4 ஊற்றி ஓட்டுபவர்களும் உண்டு, பெட்டி சற்று அமைதியாக இருக்கும். ஆனால் எஞ்சின் ஆயிலில்தான் கியர் விரைவாக மாறும். கியர் மாற்றம்தான் கவலை என்றால் கையேட்டை விட்டு விலகக் காரணமே இல்லை.

மினி: எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில் மூழ்கியிருப்பவை, ஃபில்டரோடு சேர்த்து சுமார் 4.8 லிட்டர் 20டபிள்யூ-50. ஆயிலைத் தடிமனாக வைத்திருக்கும் பாலிமரைக் கியர் பற்கள் நறுக்கிவிடுவதால் ஆயில் சீக்கிரம் மெலியும். மினியில் கியர் மெல்ல மெல்லக் கத்த ஆரம்பித்தால் முதலில் பார்க்க வேண்டியது கடைசியாக ஆயில் மாற்றிய தேதி. 5,000 கிலோமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். 5டபிள்யூ-30 போன்ற இன்றைய ஆயில்கள் இதற்கு ஆகவே ஆகாது.

எம்.ஜி.பி: 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில். ஓவர்டிரைவ் (கூடுதல் கியர் அமைப்பு) இருந்தால் அதுவும் இதே ஆயிலைத்தான் பயன்படுத்துகிறது, உள்ளே கூம்பு கிளட்ச் ஒன்று இருக்கிறது. ஆகவே உரசலைக் குறைக்கும் சேர்மானம் எதுவும் கூடாது. ஈர கிளட்ச் பைக்குகளுக்கான ஜாசோ எம்.ஏ முத்திரை உள்ள 20டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-50 இதற்குப் பொருத்தமானது. கிளட்ச் சறுக்கக் கூடாது என்பதற்காகவே வழுக்குச் சேர்மானம் தவிர்த்துச் செய்யப்படுவது அது.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: 80டபிள்யூ-90 ஜி.எல்-4, சுமார் 0.85 லிட்டர். இவ்வளவு சின்ன அளவில் கால் லிட்டர் கசிந்தாலே பெரிய குறைவு. ஹெரால்டில் மட்டம் பார்ப்பதை ஒத்திப்போடக் கூடாது.

பீட்டில்: கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள். 80டபிள்யூ-90 ஜி.எல்-4, மறு நிரப்பலுக்கு சுமார் 2.5 லிட்டர். பிளக்குகளைக் கழற்ற 17 மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும். அரை லிட்டர் ஊற்றியதும் வழிவது போலத் தோன்றும். நிறுத்தி, சில நிமிடம் விட்டு, மீண்டும் ஊற்றுங்கள். முழுதாக இறங்க நேரமெடுக்கும். அவசரக்காரர்கள் இங்கேதான் பாதி ஆயிலோடு வண்டியை எடுத்துப் போகிறார்கள்.

பென்ஸ் டபிள்யூ123 மேனுவல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பெட்டிக்கு உரியது ஏ.டி.எஃப் என்ற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயில். அதில் 90 ஊற்றிவிட்டு கியர் கனமாக இருக்கிறதே என்று வருந்தும் வண்டிகள் நிறைய.

அம்பாசிடருக்கு ஏன் ஒரே பதில் சொல்வதில்லை?

அம்பாசிடரின் மூலம் மாரிஸ் ஆக்ஸ்போர்ட் சீரீஸ் 3. 1958 முதல் 2014 வரை தயாரிப்பில் இருந்தது. இந்த நெடுங்காலத்தில் ஸ்டியரிங் தண்டில் லீவர் உள்ள நான்கு கியர் பெட்டியும் வந்தது, பின்னாளில் இசுசு எஞ்சினோடு ஐந்து கியர் பெட்டியும் வந்தது. போதாததற்கு ஒரு வண்டியின் பெட்டியை இன்னொன்றில் மாட்டுவது இங்கே சகஜம். உங்கள் வண்டியில் உண்மையில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெட்டிக்குரிய கையேட்டின்படி போங்கள். பிரீமியர் பத்மினிக்கும் இதே பேச்சுதான். எதுவாக இருந்தாலும், உள்ளே பித்தளை ரிங் இருக்கும்வரை ஜி.எல்-5 வேண்டாம்.

சிந்தெடிக் ஆயில் போடலாமா?

ஜி.எல்-4 ஆக இருந்து, தடிமன் பொருந்தினால் போடலாம். ரெட் லைன் எம்.டி-90 (75டபிள்யூ-90, ஜி.எல்-4) பழைய பெட்டிகளில் நல்ல பெயர் எடுத்தது. அதே நிறுவனத்தின் எம்.டி.எல் 75டபிள்யூ-80 அதைவிட மெலிந்தது. குளிர் நாட்டில் கனமாக விழும் கியருக்கு அது பொருந்தும், நம் வெயிலில் தேய்ந்த பெட்டிக்குப் பொருந்தாது. விலை பல மடங்கு. முதலில் சரியான மினரல் ஆயிலைப் போட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சீல் பழையதாக உள்ள பெட்டியில் சிந்தெடிக் ஊற்றினால் இதுவரை இல்லாத கசிவு தெரிய வரலாம்.

பெட்டி சத்தம் போடுகிறது. 140 ஊற்றினால்?

சத்தம் அடங்கும், கியர் விழாது. 100 டிகிரியில் 24 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் தடித்த ஆயில் அது. பேரிங் தேய்மானத்தை மூடி மறைத்து விற்பதற்கு உதவும் தந்திரம் இது. வாங்கும் வண்டியில் கியர் காலையில் மட்டும் கல்லாக இருந்தால் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

மாலிப்டினம், டெஃப்லான் போன்ற சேர்மானக் குப்பிகள்?

வேண்டாம். மேலே சொன்ன உரசல் காரணம்தான். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கான, "எல்.எஸ்" என்று எழுதிய ஆயிலும் இதே காரணத்தால் கூடாது.

ஆயில் மாற்றும் முறை என்ன?

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். அப்போதுதான் துகள்களும் சேர்ந்து இறங்கும். சமதரையில் நிறுத்தி, வண்டியைத் தூக்கினால் நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து மட்டமாக வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

முதலில் கழற்ற வேண்டியது ஊற்றும் பிளக். ட்ரெய்ன் பிளக்கில் கை வைக்காதீர்கள். ஊற்றும் பிளக் துருப்பிடித்துக் கழல மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டிவரும். மைனரில் அது உள்ளே, கார்பெட்டுக்கு அடியில், கியர்பாக்ஸ் மூடியில் உள்ள ரப்பர் அடைப்பை எடுத்தால் தெரியும். ஹெரால்டிலும் பீட்டிலிலும் பெட்டியின் பக்கவாட்டில். பிளக்கைச் சுற்றி வயர் பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள், மண் உள்ளே விழக் கூடாது. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு முனைகளை உருட்டிவிடாதீர்கள்.

பிறகு ட்ரெய்ன் பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் வடிய விடுங்கள். செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டு மூடுங்கள். அலுமினிய உறையில் மரை எளிதில் போய்விடும், ஆகவே இறுக்கம் அளவோடு போதும். பக்கவாட்டுத் துளை வழியே, துளையின் கீழ் விளிம்பில் ஆயில் மெல்ல வழியும் வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடுங்கள். டிப்ஸ்டிக் உள்ள பெட்டியில் மேல் கோடுதான் எல்லை. வெளியே எடுத்த ஆயிலை அளந்து வையுங்கள். உரிய அளவைவிட மிகக் குறைவாக வந்திருந்தால் கசிவைத் தேட வேண்டும்.

வடித்த ஆயில் என்ன சொல்லும்?

காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை போல் ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். ஆயிலை வெயிலில் பார்க்கும்போது தங்கத் துகள் போல மின்னினால் சிங்க்ரோ ரிங்கோ புஷ்ஷோ கரைகிறது. சிறிதளவு என்றால் கவனித்து வாருங்கள், குழம்பு போல மின்னினால் பெட்டியைத் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. எஃகுச் சில்லு வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். பால் கலந்த டீ நிறம் தண்ணீர் புகுந்ததன் அடையாளம். வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இது நிச்சயம் இருக்கும். மூக்கைத் துளைக்கும் கந்தக நெடி அடித்தால் முன்பு ஊற்றியது வீரியமான இ.பி ஆயில்.

ஏற்கெனவே ஜி.எல்-5 ஊற்றியிருக்கிறது. பெட்டி போய்விட்டதா?

பயப்பட வேண்டாம், அரிப்பு ஒரே நாளில் நடப்பதில்லை. சூடாக வடித்து, சரியான வகையில் விலை குறைந்த ஆயிலை நிரப்பி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டி அதையும் வடித்துவிட்டு, பிறகு நல்ல ஆயிலை ஊற்றுங்கள். மண்ணெண்ணெய், டீசல் ஊற்றிக் கழுவும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதை அனுமதிக்காதீர்கள், மூலையில் தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலை மெலிக்கும். மாற்றம் முதல் நாளே முழுதாகத் தெரியாது, ரிங்கின் மேல் படிந்தது உரசிப் போக சில நூறு கிலோமீட்டர் ஆகும்.

ஆயில் மாற்றியபின் கசிகிறதே?

மூன்றைப் பாருங்கள். பெட்டியின் மேலுள்ள ப்ரீதர் (காற்றுத் துளை) அடைத்திருந்தால் சூட்டில் உள்ளழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். பழைய பிரிட்டிஷ் பெட்டிகள் பலவற்றில் முன்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைப் பின்னுக்குத் திருப்பும் சுருள் பள்ளம் மட்டுமே. மட்டம் கூடினால் ஆயில் கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். பீட்டிலில் அதிகப்படி ஆயில் ஆக்ஸில் சீல்களைத் தாண்டிப் பின் பிரேக் ட்ரம்முக்குள் இறங்கும், இது ஆபத்து. இரண்டும் இல்லையென்றால் சீல் தேய்ந்திருக்கிறது.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

15,000 முதல் 20,000 கிலோமீட்டர், அல்லது இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு வருடக் கணக்குதான் பொருந்தும், ஏனென்றால் பெட்டி நன்றாகச் சூடேறாமலே நின்றால் ஈரம் உள்ளேயே தங்கும். மட்டத்தை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள்.

மிச்சமுள்ள ஆயிலைப் பின் ஆக்ஸிலுக்கும் ஊற்றலாமா?

மைனரின் கியர்பாக்ஸுக்கு வாங்கிய எஞ்சின் ஆயிலை ஊற்றவே கூடாது. அதன் பின் ஆக்ஸிலில் ஹைபாய்ட் கிரவுன்-பினியன், சுமார் 0.85 லிட்டர் இ.பி 90 வேண்டும், ஜி.எல்-5 தாராளமாக அங்கே போடலாம். ஹெரால்டின் டிஃபரன்ஷியலுக்கு சுமார் 0.57 லிட்டர் ஹைபாய்ட் 90. வேலை நடக்கும்போது இரண்டு டப்பாவும் ஒரே இடத்தில் திறந்து கிடந்தால் மாறிப்போகும். டப்பாவின் மேல் "பெட்டி", "பின் ஆக்ஸில்" என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் வாங்கும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.